சூப்பர் ஹீரோவுக்கு எங்கே வலிக்கும்?

வாணியம்பாடியில் ஒரு வீட்டு மொட்டை மாடி என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மாலை. மதியம் சாப்பிட்ட பிரியாணியின் மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் அண்ணன். ஏழாவது படிக்கும் தங்கை. தோல் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் மாமா. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும் பாட்டி. நடுவில் இரண்டு பகடை, ஒரு நாற்பது பக்க நோட்டு, நாலு பென்சில். போன்கள் எல்லாம் ஒரு கூடைக்குள்.

சூப்பர் ஹீரோ படம் பார்க்க அவர்கள் கூடவில்லை. சூப்பர் ஹீரோவாகவே ஆகப்போகிறார்கள். எந்த விளையாட்டின் வழியாக ஆவது என்பதில்தான் சண்டை.

இந்த வகை விளையாட்டுக்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவது. திரையும் கிடையாது, பேட்டரியும் தீராது. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு வழி திறந்தது. அதில் வாளும் மந்திரமும்தான் பிரதானம். மூன்றே ஆண்டுகளில், 1977-ல், 'சூப்பர் ஹீரோ 2044' என்ற ஆட்டம் வந்து, முகமூடிக்காரர்களையும் பாய்க்கு அழைத்து வந்துவிட்டது. இன்றைக்கு இந்த ரகத்தில் டஜன் கணக்கில் ஆட்டங்கள் உண்டு.

கட்டியக்காரன் தெரியுமா?

கேட்கும்போது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு போலத் தோன்றும். ஆனால், வட ஆற்காட்டு மண்ணில் பிறந்தவர்களுக்கு இதன் பாதி விஷயம் தெரிந்ததுதான். தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரு வேஷம் வந்து நிற்கும். "வந்திருப்பது யார்? எந்த ஊர்? என்ன காரியமாக வந்தீர்?" என்று கட்டியக்காரன் கேட்பான். வேஷம் தன் பெயரையும் பெருமையையும் சொல்லிக்கொண்டு வெளியே வரும். கதையை நகர்த்துவதும், இடையில் கேலி செய்வதும், தூங்கும் ஜனத்தை எழுப்புவதும் அவன் வேலை.

இந்த ஆட்டங்களில் 'கேம் மாஸ்டர்' என்று ஒருவர் இருக்கிறார். அவரும் கட்டியக்காரன்தான். ஊர், வில்லன், மழை, போலீஸ், பக்கத்து வீட்டு அக்கா என்று மிச்சமுள்ள அத்தனை பேரும் அவர் வாயில். மற்றவர்கள் ஆளுக்கொரு ஹீரோ. "நான் சுவரில் ஏறுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், ஏற முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கூத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. கூத்தில் திரௌபதிக்கு என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். இங்கே முடிவு யாருக்கும் தெரியாது, கட்டியக்காரருக்கும்கூட.

நம் மொட்டை மாடியில் மாமாதான் கட்டியக்காரர். "இருக்கிற ஆட்டத்திலேயே எதுல பவர் அதிகம் மாமா?" என்பது அண்ணனின் முதல் கேள்வி. எல்லோரும் கேட்கும் கேள்வி. அதுதான் தப்பான கேள்வியும்கூட.

இரும்புக்கை சொல்லும் ரகசியம்

சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரிட்டிஷ் காமிக்ஸில் 'ஸ்டீல் க்ளா' என்று பிறந்து, தமிழில் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். ஆனால், அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை தனியாகத் தெரியும்.

மொத்தமாக மறைந்துவிடும் மாயாவி என்றால் அரை மணி நேரத்தில் கதை தீர்ந்துவிடும். எதிரி அந்தக் கையைப் பார்த்துவிடுவானோ என்ற பதைப்பில்தான் பிள்ளைகள் விளக்கணைத்த பிறகும் தலையணைக்கடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தார்கள். மாயாவியின் சக்தி அவருடைய விளம்பரம். அவருடைய குறைதான் அவருடைய கதை.

சூப்பர் ஹீரோ ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதுதான் அளவுகோல். எல்லா ஆட்டத்திலும் பறக்கலாம், எல்லா ஆட்டத்திலும் லாரியைத் தூக்கலாம். வேறுபாடு வேறெங்கோ இருக்கிறது. ஹீரோ எதை இழக்க நேரும் என்று அந்த ஆட்டம் கணக்கு வைத்திருக்கிறது? அவருக்கு எங்கே வலிக்கும்?

ஒரே வெள்ளம், நாலு ஆட்டம்

அட்டைப் படத்தைப் பார்த்து ஆட்டத்தை முடிவு செய்ய முடியாது. ஒரே காட்சியை ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மாமா எடுத்துக்கொள்ளும் காட்சிக்கு அவர் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து ஆந்திரம் வழியாக வரும் பாலாறு, பெரும்பாலான நாட்களில் மணலாகத்தான் கிடக்கும். ஆனால், 1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பக்கத்தில் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. பலர் மாண்டார்கள். 2021 நவம்பரிலும் ஆறு பெருக்கெடுத்து ஓடியதை இன்றைய பிள்ளைகளே பார்த்திருக்கிறார்கள்.

எனவே மாமாவின் காட்சி இது: இரவு பத்து மணி. மேலே ஓர் ஏரிக்கரை உடைந்துவிட்டது. தண்ணீர் வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம்தான். கரையோரத் தெருவில் ஐம்பது வீடுகள் தூங்குகின்றன. எதிர்க்கரையில் ஒரு ஃபேக்டரி முற்றத்தில் ரசாயன பேரல்கள் அடுக்கியிருக்கின்றன. அவை ஆற்றில் சாய்ந்தால் கீழே உள்ள ஊர்களின் கிணறுகளுக்கு ஆபத்து. அதே நேரத்தில் ஹீரோவின் போன் அடிக்கிறது. அம்மா. "எங்கடா இருக்க? உடனே வீட்டுக்கு வா."

ஹீரோக்கள் மூவர். அண்ணன் எடுத்துக்கொண்ட பெயர் 'இடிமுழக்கம்'. கை தட்டினால் சுவர் இடியும். தங்கை 'வால்நட்சத்திரம்'. ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதல்லவா? 1988-ல் 'ராமானுஜன்' என்று பெயர் பெற்ற சிறுகோளைக் கண்டுபிடித்த அதே இடம். அங்கே விழுந்த ஒரு விண்கல் துண்டைத் தொட்டதால் இவளுக்குப் பறக்கும் சக்தி வந்ததாம். பாட்டிதான் கலக்கிவிட்டார். அவர் பெயர் 'ஆவாரம்பூ'. தோலில் கத்தி இறங்காது. "ஏன் பாட்டி?" என்றால், "எங்க காலத்துல ஆவாரம்பட்டையில ஊறப்போட்டுத்தானடா தோலைப் பதப்படுத்துவாங்க. அந்தத் தொட்டியில விழுந்து எழுந்தவ நான்" என்கிறார்.

*முதல் ஆட்டம்: வில்லன்ஸ் அண்ட் விஜிலான்டீஸ் (1979).* ஜெஃப் டீ, ஜாக் ஹெர்மன் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கியது. இதன் விசேஷம், இதில் வேறு யாராகவும் ஆக வேண்டியதில்லை. உங்கள் பெயர், உங்கள் ஊர், உங்கள் உடம்பு அப்படியே. அதன் மேல் பகடை உருட்டி சக்திகள் விழும். அண்ணன் அண்ணனாகவே வெள்ளத்தின் முன்னால் நிற்பான். ஊர் நிஜம், தெரு நிஜம் என்பதால் பதைப்பும் நிஜமாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஒருவரின் நிஜ வலிமையும் அறிவும் எவ்வளவு என்று முதலில் உட்கார்ந்து பேசி எண் போட வேண்டும். "அறிவுக்கு எவ்வளவு போடலாம்?" என்று தங்கை அண்ணனைப் பார்த்துக் கேட்டால் ஆட்டம் தொடங்கும் முன்பே அடிதடி ஆகிவிடும். நல்ல சிநேகிதர்களுக்கு இது பிரமாதமான ஆட்டம். உடன்பிறந்தவர்களுக்கு யோசித்துச் சொல்ல வேண்டியது.

*இரண்டாவது: சாம்பியன்ஸ் (1981).* இது கணக்குப் பிள்ளைகளின் ஆட்டம். தொடக்கத்தில் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் தருவார்கள். கடையில் சாமான் வாங்குவதுபோல அதில் சக்திகளை வாங்க வேண்டும். பறக்க இத்தனை, சுவரை உடைக்க இத்தனை. புள்ளி போதவில்லையா? குறைகளை ஏற்றுக்கொண்டால் கூடுதல் புள்ளி கிடைக்கும். துரத்தும் எதிரி, வெளியே சொல்ல முடியாத ரகசிய அடையாளம், காப்பாற்றியே தீர வேண்டிய குடும்பத்தார் என்று எல்லாவற்றுக்கும் விலை உண்டு. இரும்புக்கையின் தத்துவத்தை முதலில் பேரேட்டில் ஏற்றிய ஆட்டம் என்று இதைச் சொல்லலாம்.

சண்டை வந்தால் 12 விநாடியை 12 துண்டாக வெட்டி, யார் எந்தத் துண்டில் அசைவார்கள் என்று பார்க்கும். வெள்ளக் காட்சியில் இது துல்லியம். இடிமுழக்கம் எந்த விநாடியில் மதிலை உடைத்துத் தண்ணீரைத் திருப்புகிறான் என்பது வரை தெரியும். ஆனால், பாட்டி இரண்டாவது வெற்றிலைக்குப் போய்விடுவார். பன்னிரண்டு விநாடிச் சண்டை முடிய ஒரு மணி நேரம் ஆகலாம். நோட்டும் பேனாவுமாகக் கணக்குப் போடுவதே சுகம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆட்டம் இல்லை.

*மூன்றாவது: மார்வெல் சூப்பர் ஹீரோஸ் (1984).* டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட அதே டி.எஸ்.ஆர். நிறுவனம் கொண்டுவந்தது. ஜெஃப் கிரப் என்பவரின் வடிவமைப்பு. சண்டைத்திறன், சுறுசுறுப்பு, வலிமை, தாங்கும் சக்தி, அறிவு, உள்ளுணர்வு, மனோபலம் என்று ஏழே ஏழு குணங்கள். 1 முதல் 100 வரை பகடை உருட்டி, ஒரே ஓர் அட்டவணையைப் பார்த்தால் போதும். வெள்ளை என்றால் தோல்வி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏற ஏற வெற்றி பெரிதாகும். ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இந்த ஆட்டத்தின் உயிர் அதில் இல்லை. 'கர்மா'வில் இருக்கிறது. ஆம், நம்முடைய அதே கர்மாதான். நல்லது செய்தால் கர்மா புள்ளி சேரும். அதைச் செலவழித்தால், தவறி விழுந்த பகடையையும் தூக்கி நிறுத்தலாம். தோற்றால் குறையும். கொடுத்த வாக்கைத் தவறவிட்டாலும் குறையும். ஹீரோ யாரையாவது கொன்றுவிட்டால் சேர்த்து வைத்த மொத்தமும் ஒரே நொடியில் பூஜ்ஜியம்.

நாற்பது ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் எழுதிய இந்த விதியைப் பாட்டிக்கு விளக்கவே வேண்டாம். "அது அப்படித்தானே?" என்பார். வெள்ளக் காட்சியில் ஐம்பது வீட்டை எழுப்பினால் கர்மா ஏறும். அம்மாவிடம் 'இதோ வரேன்' என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் இறங்கும். ஹீரோவின் கணக்கில் ஊரும் வீடும் சேர்ந்தே இருக்கின்றன. குறை என்றால், இது அச்சில் இல்லாத பழைய ஆட்டம். கடையில் புதிதாகக் கிடைக்காது. ஸ்பைடர்மேனும் ஐயர்ன்மேனும்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், 2023-ல் வந்த 'மார்வெல் மல்டிவெர்ஸ்' ஆட்டம் இருக்கிறது. மூன்று சாதாரண ஆறுமுகப் பகடை போதும். அதில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்க வேண்டும்.

*நான்காவது: மாஸ்க்ஸ் (2016).* பிரெண்டன் கான்வே வடிவமைத்து, மேக்பை கேம்ஸ் வெளியிட்டது. இதில் ஹீரோக்கள் எல்லோரும் பதின்ம வயதுப் பிள்ளைகள். பெரிய ஹீரோக்கள் ஏற்கெனவே ஊரில் இருக்கிறார்கள். எதைச் செய்தாலும் புத்தி சொல்கிறார்கள்.

இந்த ஆட்டத்தில் வலிமைக்கு எண் கிடையாது. லாரியைத் தூக்க முடியுமா என்றால், முடியும், அவ்வளவுதான். எண் போடுவது வேறொன்றுக்கு. ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஐந்து லேபிள்கள். 'ஆபத்தானவன்', 'விநோதமானவன்', 'காப்பாற்றுகிறவன்', 'கெட்டிக்காரன்', 'சாதாரணமானவன்'. தன்னைத் தானே எப்படிப் பார்க்கிறான் என்பதுதான் அவன் பலம். சக்தியைக் கட்டவிழ்த்துவிட ஒரு லேபிள், ஒருவரைப் பாதுகாக்க இன்னொரு லேபிள், ஆறுதல் சொல்ல வேறொரு லேபிள் என்று பகடையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த எண்கள் நிலையாக நிற்காது. பெரியவர்கள் பேசினால் மாறும். "நீ இல்லைன்னா எல்லாரும் செத்திருப்போம்" என்று ஒருவர் சொன்னால் 'காப்பாற்றுகிறவன்' ஒரு படி ஏறி, வேறொன்று ஒரு படி இறங்கும். "உன்னைப் பார்த்தாலே பயமா இருக்கு" என்றால் 'ஆபத்தானவன்' ஏறும். குத்துப்பட்டாலும் ரத்தக் கணக்கு இல்லை. பயம், கோபம், குற்ற உணர்வு, நம்பிக்கை இழப்பு, தன் மேலேயே சந்தேகம் என்று ஐந்தில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். அதுதான் காயம்.

வெள்ளக் காட்சிக்கு வருவோம். அம்மாவின் குரலில் மாமா பேசுகிறார். "உனக்கு எதுக்குடா இந்த வேலை? நீ சின்னப் பையன். பெரியவங்க பார்த்துப்பாங்க." அண்ணனின் நோட்டில் 'சாதாரணமானவன்' ஏறுகிறது, 'காப்பாற்றுகிறவன்' இறங்குகிறது. சுவரை இடிக்கும் கை அப்படியே இருக்கிறது. ஐம்பது வீட்டைக் காப்பாற்றும் தைரியம் ஒரு படி குறைந்துவிட்டது.

அவன் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தச் சொல்லை மறுத்துப் பகடை உருட்டலாம். "அம்மா, ஐம்பது வீடும்மா. எழுப்பிவிட்டுட்டு வந்துடுறேன்." பகடை வாய்த்தால், தன்னைப் பற்றிய எண்ணைத் தானே திருத்திக்கொள்ளலாம். வாய்க்காவிட்டால் அந்தச் சொல் இன்னும் ஆழமாக இறங்கும். தோற்றாலும் ஒரு பலன் வைத்திருக்கிறார்கள். பகடை சறுக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அனுபவப் புள்ளி கிடைக்கும். விழுந்து விழுந்துதான் அந்த ஹீரோ வளர்வான்.

வில்லன் யார்?

ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இது. அண்ணன் சட்டென்று சொல்வான்: "பேரலை ஆத்தோரம் வெச்ச ஃபேக்டரி முதலாளிதான் மாமா வில்லன்." மாமா சிரிப்பார். ஃபேக்டரியில்தான் அவருக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் அண்ணனின் டியூஷன் ஃபீஸ். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஆற்றோர ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு தோலால்தான் எரிகிறது. அதே தோல் பதனிடும் கழிவால்தான் ஆறும் கிணறும் கெட்டன. முதலாளியை ஓங்கி ஒரு குத்து விட்டால் எது சரியாகும்?

நிஜத்தில் இந்த வில்லனை எதிர்த்தவர்கள் முகமூடி போட்டிருக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு, பாலாறு கெடுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், கெடுத்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும், கேடு வருமுன்பே காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கும் தீர்ப்பு அது. அதற்கு வேண்டியிருந்தது காகிதமும் பொறுமையும்.

குத்தால் தீராத ஒரு வில்லனை வைத்தாலும் சுவாரசியம் குறையாத ஆட்டம்தான் நல்ல சூப்பர் ஹீரோ ஆட்டம். சாம்பியன்ஸில் பேரலைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது தெரியும். கர்மா ஆட்டத்தில் தூக்கியதற்குப் புண்ணியம் கிடைக்கும். மாஸ்க்ஸில், 'ஃபேக்டரி முதலாளி வில்லன்' என்று மகன் சொல்லும்போது அங்கே வேலை செய்யும் அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்பதும் ஆட்டத்துக்குள் வரும்.

ஆக, எது?

ஒரே வயது நண்பர்கள், கணக்கில் ஆர்வம், நீண்ட விடுமுறை என்றால் சாம்பியன்ஸ். சின்னப் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் கலந்து உட்காரும் வீடு என்றால், பழைய மார்வெல் ஆட்டத்தின் கர்மா முறை. வளர்ந்த பிள்ளையும் பெற்றவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் பேச்சு குறைந்துபோன வீடு என்றால், தயங்காமல் மாஸ்க்ஸ். ஒன்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் முதலிடமும் அதற்குத்தான். மற்ற ஆட்டங்களில் பிள்ளைகள் 'நான் எவ்வளவு பலசாலி' என்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். இதில் 'என்னை யார் என்ன சொன்னால் எனக்கு வலிக்கிறது' என்பதைச் சொல்லத் தெரிந்துகொள்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு பெரியவர்களும் அதே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறே தொடங்க...

இந்த விதிநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, பக்கமும் அதிகம். ஒருவர் படித்துக்கொண்டு மற்றவர்களுக்கு வீட்டு மொழியில் சொன்னால் போதும். தமிழோ உருதுவோ, எதில் சண்டை போடுவீர்களோ அதில் ஆடலாம். புத்தகம் கைக்கு வரும்வரை ருசி பார்க்க ஒரு சின்ன வழி:

• தாயக்கட்டை இதற்கு உதவாது. பரமபதத்திலோ லூடோவிலோ இருக்கும் ஆறுமுகப் பகடை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

• ஒவ்வொருவரும் நோட்டில் மூன்று வரி எழுதட்டும். ஒரு சக்தி. அந்தச் சக்தியில் ஒரு குறை. ஊரில் ஓர் உறவு.

• ஆபத்தான காரியம் என்றால் மட்டும் பகடை. கூட்டுத்தொகை 10-க்கு மேல் என்றாலும் சரி, சரியாக 10 என்றாலும் சரி, முழு வெற்றி. 7, 8, 9 வந்தால் வெற்றிதான், ஆனால் ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டும். 6-ம் அதற்குக் கீழும் சறுக்கல். மாஸ்க்ஸின் அடிப்படையும் இதுதான்.

• ஹீரோவுக்குக் கைவந்த காரியம் என்றால் 2 கூட்டிக்கொள்ளலாம். கூட்டாவிட்டால், மொத்தம் உள்ள 36 வாய்ப்பில் முழு வெற்றிக்கு 6, விலையோடு வெற்றிக்கு 15, சறுக்கலுக்கு 15. இரண்டைக் கூட்டினால் முழு வெற்றிக்கு 15, விலையோடு வெற்றிக்கு 15, சறுக்கலுக்கு 6. அந்த இரண்டு புள்ளி எவ்வளவு பெரிது என்று பிள்ளைகள் தாங்களாகவே கட்டம் போட்டுப் பார்க்கட்டும். கணக்குப் பாடத்தின் நிகழ்தகவு அங்கேயே புரிந்துவிடும்.

• ஒரு சீட்டில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு நடுவில் வையுங்கள். கதை யாரையாவது பயமுறுத்தினாலோ, மனதைப் புண்படுத்தினாலோ அவர் அந்தச் சீட்டைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் கதையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். உலகம் முழுக்க இந்த ஆட்டக்காரர்கள் கடைப்பிடிக்கும் நல்ல பழக்கம் இது. 'எக்ஸ் கார்டு' என்று பெயர்.

• இரண்டு மணி நேரம் போதும். 'அடுத்து என்ன ஆச்சு?' என்று பிள்ளைகள் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். தொடர்கதை எழுதியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான்.

மறுபடி மொட்டை மாடி

மாஸ்க்ஸ் என்று முடிவாகிவிட்டது. ஒரு சிக்கல். இதில் எல்லோரும் பதின்ம வயதில் இருக்க வேண்டும். "அப்போ பாட்டி?" என்கிறாள் தங்கை. "பாட்டிக்கும் பதினாறுதான்" என்கிறார் மாமா. பாட்டி வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்.

லேபிள்களுக்கு எண் போடும் முன் மாமா ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கிறார். "உங்க ஹீரோவைப் பத்திப் பெரியவங்க யாராவது சொன்ன ஒரு வார்த்தை, அவங்களால மறக்க முடியாதது, என்ன?" அண்ணன் கொஞ்சம் யோசித்து, "எதுக்கும் லாயக்கில்லை" என்று எழுதுகிறான். மாமா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். போன மாதம் ரேங்க் கார்டு வந்த அன்று அதைச் சொன்னவர் அவர்தான். ஒன்றும் பேசாமல் அடுத்த ஆளிடம் திரும்புகிறார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

பாட்டி வெற்றிலைப் பெட்டியை மூடி ஓரமாக வைக்கிறார். "ஆவாரம்பூவை அவ அப்பா எட்டாவதோட நிறுத்திட்டாரு. பொட்டப்புள்ளைக்கு இவ்ளோ படிச்சது போதும்னாரு. அவ வாத்தியார் வீடு தேடி வந்து கேட்டும் விடலை."

யாரும் எதுவும் பேசவில்லை. தங்கைதான் விதியை ஞாபகப்படுத்துகிறாள். "பாட்டி, அதை ஏத்துக்க வேணாம்னா மறுத்துப் பகடை போடலாம். ரூல்ஸ்ல இருக்கு."

"இப்பவா?"

"இப்பவேதான். உனக்குப் பதினாறு வயசுதானே?"

பாட்டி இரண்டு பகடையையும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் குலுக்குகிறார். பிறகு பாயில் உருட்டிவிட்டு, விழுந்தது என்ன என்று பார்க்கக் கண்ணாடியைத் தேடுகிறார்.